ஐந்தாவது கிடங்கு

உன் பீரோவின் வாசனை செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தது. உன் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரை என் மேஜைமேல் வைத்தார். பிரித்ததும் பாச்சை உருண்டை நெடி. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த நெடியில் நீயே பின்னால் வந்து நின்று, "என் ஸ்கேலை எங்கடி வெச்சே?" என்று கேட்கப்போகிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "கௌரிம்மா, சந்தாபுரா சைட்டுல வீடு கட்டிரலாம்னு இருக்கேன். பையனும் சரின்னுட்டான். நீங்கதான் பிளான் போட்டுத் தரணும்" என்றார். கவருக்குள் பத்திரம், வரி ரசீதுகள், லேஅவுட்காரன் அந்தக் காலத்தில் கொடுத்த வரைபடம். மடிப்பெல்லாம் விட்டுப்போன அந்தக் காகிதத்தை மெதுவாகப் பிரித்து விளக்குக்கு அடியில் வைத்தேன். வைத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதில் ஒரு பென்சில் கோடு இருந்தது. காம்பஸால் போட்டது. நீளமாக, லேசாக வளைந்து, முதல் வரிசை சைட்டுகளின் பின்பக்கத்தை ஒட்டிப் போகிறது. இரண்டு முனையிலும் அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் முடிகிறது. அப்படிக் கோட்டை முடிக்கிற கை நம் ஆபீசில் ஒன்றுதான். மையத்தைத் தேடினேன். காகிதத்தில் எங்கும் ஊசித் துளை இல்லை. மையம் காகிதத்துக்கு வெளியே இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு எண் இல்லை, ஒரு எழுத்து இல்லை. ஏழாம் எண் சைட், உன் சைட், முழுசாக அந்தக் கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக நீ கட்டவும் விடவில்லையாம், விற்கவும் விடவில்லையாம். ஏன் என்று கேட்டால் அந்த இடம் பிடிக்கவில்லை என்ற ஒரே பதில்தானாம். லேத் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய சைட்டை அப்படிச் சொன்னால் எந்த மனிதனுக்குத்தான் கோபம் வராது என்று கேட்டார். எதிரில் மிலிட்டரி வேலி, உள்ளே மரமும் காடுமாக இருக்கும், காற்று பிய்த்துக்கொண்டு வரும், அதைப்போய் பிடிக்கவில்லை என்றாளே என்றார். நான் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கோடு எனக்குத் தெரியும். அதன் மையம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அந்தக் கோட்டுக்காக உன்னோடு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான்.

நம் ஆபீஸ் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது அபத்தம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டி, இரண்டாம் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. ராணுவத்தின் குண்டுகளையும் தோட்டாக்களையும் வைக்கிற கிடங்குகளை வரைவது நம் பிழைப்பு. வீட்டில் யாராவது கேட்டால் 'குடோன் பிளான்' என்போம். ஒரே வாரத்தில் சேர்ந்த இரண்டு டிராஃப்ட்ஸ்மேன்கள், இரண்டு பேரும் பெண்கள். விவேக் நகரிலிருந்து நீ, அல்சூரிலிருந்து நான். எனக்கு வேகம், உனக்கு நிதானம். எனக்கு வாய், உனக்குக் கண்.

அந்தக் கிடங்குகளுக்கென்று ஒரு குணம் உண்டு. மூன்று பக்கமும் மேலேயும் மண்ணைக் கொட்டி மூடவேண்டும். ஒன்றின் கதவு இன்னொன்றின் கதவைப் பார்க்கக் கூடாது. காற்று வருகிற துவாரம் வேண்டும், ஆனால் வெளியிலிருந்து ஒருவன் அதற்குள் எதையும் போட்டுவிட முடியக் கூடாது. இடி இறங்கினால் மண்ணுக்குள் போக தாமிரப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலே தூரம். ஒரு கிடங்கில் எவ்வளவு வைக்கிறார்களோ அதற்கு ஏற்றபடி சுற்றிலும் ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. "வெடிக்கும்னு நெனச்சு வரை. வெடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கோ" என்பாய். வரைவது இரண்டு பேரும், வேண்டிக்கொள்வது நீ மட்டும் என்று பிரித்துக்கொண்டோம்.

வாயைத் திறக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆபீசை விட்டுப் போனாலும் அது செல்லும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷீட்டுகளை எண்ணி இரும்பு அலமாரியில் பூட்டுவார்கள். கிழித்துப் போட்ட டிரேசிங் துண்டைக்கூடத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒரு நாள் உன் டிபன் கேரியருக்கு அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு போய், மறுநாள் காலை நீ அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து ஒப்படைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

நான்கு கிடங்குகள் இருந்த ஒரு இடத்தில் ஐந்தாவது ஒன்று வேண்டும் என்று வேலை வந்தது. வரைந்தது நான். சரிபார்க்க வேண்டியது நீ. காம்பஸ் பிடித்தவர்களுக்கு ஊசியை நடுவில் குத்துவது கைப்பழக்கம். அவசரத்தில் நான் கிடங்கின் நட்டநடுவில் குத்தி அந்த வெளிக்கோட்டை இழுத்துவிட்டேன். கிடங்கின் வெளிச்சுவரிலிருந்து அல்லவா அளக்கவேண்டும்? பாதிக் கிடங்கின் நீளத்தை நான் விழுங்கிவிட்டிருந்தேன். என் கோடு வேலியைத் தாண்டி, ரோட்டின் ஓரமாக, ஒரு லேஅவுட்டின் முதல் வரிசைக்கு முன்னால் அழகாக நின்றுவிட்டது. யாருக்கும் தொந்தரவு இல்லாத கோடு. சீஃப் பார்த்து, நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று தலையாட்டினார்.

நீ அந்த ஷீட்டின்மேல் குனிந்து வெகு நேரம் நின்றாய். உன் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. என் வேலையில் நொட்டை தேடுகிறாள் என்று எனக்குள் பொருமிக்கொண்டேன். ஐந்து மணிக்கு, நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் காலை நேராக சீஃபிடம் போய், கோடு தப்பு, சுவரிலிருந்து அளந்தால் இன்னும் பதினான்கு மீட்டர் வெளியே போகும், முதல் வரிசை சைட்டுகள் முழுக்க உள்ளே வந்துவிடும் என்று சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னாய். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாத்ரூம் பக்கம் உன்னை நிறுத்திக் கேட்டேன். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேனே. பெரியவங்க முன்னாடி என் மானத்தை வாங்கணுமா?" உன் கண் சிவந்திருந்தது. தூங்காத கண் என்று இப்போது தெரிகிறது. அன்று அதைத் திமிர் என்று நினைத்தேன். "நடுவுல குத்தினா நமக்கு ஈசி, கௌரி. வெளிய இருக்கறவனுக்குப் பதினாலு மீட்டர் போச்சு. அவனுக்கு அது தெரியவும் தெரியாது" என்றாய். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அந்த லேஅவுட் காகிதத்தில் கிணற்றைப் பார்த்தேன். மூலையில் ஒரு பழைய கிணறு, அதைச் சுற்றிக்கொண்டு வளைகிற ரோடு. நான் வரைந்த ஷீட்டிலும் அதே கிணறு இருந்தது. அங்கே லேஅவுட்டுக்குப் பெயர் போடவில்லை, வெறும் கட்டங்கள்தான். எனக்கு அவை கட்டங்கள். நீ அன்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது உன் சொந்த சைட்டை. பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அது கோட்டுக்கு வெளியே இருந்திருக்கும். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒரு ராத்திரி நீ அதை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாய். காலையில் வந்து, உன் கையாலேயே உன் வீட்டைக் கோட்டுக்கு உள்ளே போட்டாய். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியவே இல்லை. சந்தாபுரா பக்கம் உனக்கு ஒரு சைட் இருக்கிறது என்று மட்டும் தெரியும். அந்தப் பக்கம் லேஅவுட்டுக்கா பஞ்சம்? எந்த லேஅவுட் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

விற்கவும் ஏன் விடவில்லை என்று உன் வீட்டுக்காரர் கேட்டதற்கும் அப்போதே பதில் விளங்கிவிட்டது. விற்றால் அங்கே வேறு யாராவது பிள்ளைகுட்டிகளோடு வந்து குடியேறுவார்கள். உனக்கு அது முடியாது.

இதோடு முடிந்திருந்தால் உன்னைக் கும்பிட்டுவிட்டு அழுதிருப்பேன். முடியவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அடுத்தது உறைத்தது. ஐந்தாவது கிடங்கு அங்கே இல்லை.

ஆபீஸ் ஊரின் அந்தக் கோடிக்கு மாறியபோது, இரண்டு பஸ் மாறிப் போக உன் முட்டி ஒத்துழைக்காமல் நீ வேலையை விட்டாய், இல்லையா? அதற்கு அடுத்த வருஷம் அந்த வேலை திரும்பி வந்தது. திருத்திய கோடு குடியிருப்பில் விழுகிறது, ஆகவே கிடங்கை உள்ளே பாறை ஓரமாகத் தள்ளி வரையுங்கள், கோடு முழுக்க எங்கள் வேலிக்குள்ளேயே நிற்கவேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். நீ திருத்தியதால் வந்த உத்தரவு அது. மறுபடி வரைந்தது யார்? நான்தான். ஒரே வேலையை இரண்டு தரம் செய்யவேண்டியிருக்கிறதே என்று உன்னைத் திட்டிக்கொண்டே, இந்தத் தடவை ஒழுங்காகச் சுவரிலிருந்து அளந்து வரைந்தேன். கோடு வேலியைத் தொடக்கூட இல்லை. அன்றைக்கே உன் சைட் தப்பித்துவிட்டது. நீ மட்டும் அந்தப் பழைய கோட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாய். அதற்குப் பிறகு பதினேழு வருஷம்.

பதினேழு வருஷமும் நாம் பார்த்துக்கொள்ளாத வாரம் உண்டா? வியாழக்கிழமை தவறாமல் குழந்தை இயேசு கோவில் வாசலில் நீ நிற்பாய். நெற்றியில் விபூதியோடு நானும் வருவேன். நவநாள் ஜெபம் முடிந்ததும் பேக்கரியில் ஆளுக்கொரு தேங்காய் பன். உன் முட்டி வலியைப் பற்றி, வாடகை வீட்டின் மாடிப்படியைப் பற்றி, என் மருமகளைப் பற்றி எல்லாம் பேசினோம். "சைட்டை வெச்சிக்கிட்டு மாடிப்படி ஏறிட்டு இருக்கியே, அங்க என்ன கோழியா வளக்கப்போறே?" என்று கேலி செய்வேன். "கட்டலாம், கட்டலாம்" என்று பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாய்.

புதன்கிழமை சைட்டை அளக்க அவரோடு போனேன். கையில் டேப். கிணற்றை மூடிச் சின்னப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். ரோட்டுக்கு எதிரில் வேலி, அதற்கு அப்பால் அவர் சொன்ன மாதிரியே மரங்கள். பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மனே கட்டஸ்தீரா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். ஆமாம், கட்டப்போகிறோம் என்று அவரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். முதல் வரிசையில் உன் சைட் ஒன்றுதான் காலி. மீதி எல்லாம் வீடாகிவிட்டது. எண்ணினேன். ஒன்பது வீடு.

நீ கடைசியாகக் கோவிலுக்கு வந்த வியாழக்கிழமை ஒன்பது மெழுகுவர்த்தி ஏற்றினாய்.

ஆரம்பத்தில் ஒன்றுதான் ஏற்றுவாய். அப்புறம் இரண்டு, மூன்று. இரண்டொரு வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்று கூடும். ஆறு ஆனபோது, இது என்ன கணக்கு, வீட்டில் இருப்பது மூன்று பேர்தானே என்று கேட்டேன். "தெரிஞ்சவங்களுக்கு" என்றாய். அந்த வரிசையில் ஒவ்வொரு வீடு எழும்பும்போதும் ஒரு மெழுகுவர்த்தி கூடியிருக்கிறது. வாயைத் திறந்து அவர்களிடம் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதனால் ஏற்றியிருக்கிறாய். ஒரு ஆபத்தும் இல்லாத ஒன்பது வீட்டுக்காக வாராவாரம் அந்த முட்டியோடு மண்டியிட்டு வேண்டியிருக்கிறாய். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று அந்த வீடுகளை மறுபடி எண்ணினேன்.

அங்கேதான் அந்த இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நீ வேலையை விட்டு ஐந்தாறு வருஷம் இருக்கும். பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கௌரி, அந்த அஞ்சாவது என்னாச்சு?" என்று கேட்டாய். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாய். உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, போதும். சொல்லலாமா கூடாதா என்று நான் யோசிக்கக்கூட இல்லை. என் மானம் போன அந்தப் பழைய காலைதான் முதலில் ஞாபகம் வந்தது. டிரேசிங் துண்டை ஏந்திக்கொண்டு வந்தவள்தானே நீ, உன்னை உன் ஆயுதத்தாலேயே குத்தலாம் என்று ஒரு அற்பச் சந்தோஷம். "ஆபீசை விட்டுப் போனவங்க அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. ரூல் உனக்குத் தெரியாததா?" என்றேன். நீ சிரித்தாய். "சரிதான். நீ சொல்றதுதான் ரூல்" என்று சொல்லிவிட்டுப் பன்னைச் சாப்பிட ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை.

ரூலுக்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். ரூலுக்காக வாயை மூடிக்கொண்டது நீ. நான் பழி தீர்த்துக்கொண்டேன்.

உன் வாடகை வீட்டின் அந்த மாடிப்படி. இரண்டு ஆள் சேர்ந்தாற்போல் இறங்க முடியாத படி. உனக்கு நெஞ்சு வலி வந்த அன்று உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். ஆட்டோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே இருபது நிமிஷம் ஆயிற்று என்று உன் வீட்டுக்காரர் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இருபது நிமிஷம் இல்லாவிட்டால் நீ பிழைத்திருப்பாயா? டாக்டருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் எனக்குப் பங்கு உண்டு.

டேப்பைச் சுருட்டிவிட்டு அவரிடம் சொன்னேன். எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை, அது இப்போதும் முடியாது. காகிதத்தில் இருந்த பென்சில் கோட்டை மட்டும் காட்டினேன்.

"அண்ணா, அவளுக்கு இந்த எடம் புடிக்காம இல்ல. அவ கட்ட வேணாம்னு சொன்னப்ப அது சரி. அப்புறம் மாறிப்போச்சு. மாறினது அவளுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

லேத் பட்டறை ஆள். கோட்டையும் அளவையும் பற்றி அவருக்குப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. காகிதத்தைப் பார்த்தார். எதிர் வேலியைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது அவ போட்டதா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல. ரெண்டு வருஷம் அவகூட சரியாவே பேசல கௌரிம்மா நானு. என்மேல நம்பிக்கையில்லாமத்தான் கட்ட வுட மாட்டேங்கறான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு தடவை கேட்டா. நான் சொல்லல" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலால் மண்ணைத் தள்ளி, எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு வந்து, காகிதத்தை அந்த மடிப்புகளிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். "படிக்கட்டே இல்லாம வரைங்க" என்றார்.

இன்று வியாழக்கிழமை. கோவிலுக்குப் போனேன். மெழுகுவர்த்திக் கடைப் பெண் கேட்காமலே ஒன்பது எடுத்து வைத்தாள், உன்னோடு என்னைப் பார்த்தவள், உனக்கு ஒன்பது கொடுத்துப் பழகிய கை. வாங்கி ஏற்றிவிட்டேன். எனக்கு உன் சாமியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் பிளானை ஆரம்பித்தேன். தரைத்தளம் மட்டும். வாசலில் சாய்தளம். அடுக்களை கிழக்கே, ஜன்னலைத் திறந்தால் அந்த மரங்கள் தெரியும். எல்லாவற்றையும் சுவரிலிருந்தே அளக்கிறேன், நடுவில் ஊசி குத்த இனி இந்தக் கைக்கு வராது. உன் பென்சில் கோட்டை அழிக்க ரப்பரை எடுத்தேன். அழிக்க முடியவில்லை. அந்த வரைபடத்தைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டு என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், அவர் கேட்டால் கொடுப்பேன். உன் அந்தச் சிரிப்பையும், 'நீ சொல்றதுதான் ரூல்' என்றதையும் யாரிடம் கொடுப்பது? அதை நான்தான் வைத்துக்கொண்டு இருக்கவேண்டும்.

அந்த அஞ்சாவது என்னாச்சு என்று கேட்டாயே. அதை உள்ளே தள்ளிவிட்டார்கள், பாறை ஓரமாக. நானேதான் வரைந்தேன். உன் சைட் வெளியே இருக்கிறது. ஒன்பது வீடும் வெளியே இருக்கிறது. நீ வீடு கட்டலாம்.